சீசாவைத் திருப்பிப் படியுங்கள்

"நான் கெமிக்கல் எதுவுமே போடறதில்ல டாக்டர், எல்லாம் நேச்சுரல்தான்."

தோல் ஒவ்வாமை பார்க்கிற மருத்துவர்களுக்குப் பழகிப்போன வாக்கியம் இது. சொல்கிறவர் பெரும்பாலும் கழுத்தையோ கண் இமையையோ சொறிந்துகொண்டேதான் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. சீசாவின் முன்பக்கம் அவரிடம் சொன்னதை என்னிடம் ஒப்பிக்கிறார், அவ்வளவுதான். முன்பக்கத்தில் இலை இருக்கும், பனித்துளி இருக்கும், 'தூய்மை', 'மூலிகை' என்று பெரிய எழுத்து இருக்கும். எனக்கு வேண்டியதெல்லாம் பின்பக்கத்தில், பூதக்கண்ணாடி கேட்கும் பொடி எழுத்தில் இருக்கிறது. அதனால் தலை முதல் கால்வரை பூசுவது, தேய்ப்பது, கழுவுவது எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வரச் சொல்லிவிடுவேன்.

கண் இமை சிவந்து, உரிந்து, மாதக்கணக்கில் அவதிப்பட்ட ஒரு பெண் அப்படி ஒரு பையோடு வந்தார். பழைய க்ரீம்களையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, ஆர்கானிக் சான்றிதழ் பெற்றவற்றுக்கு மாறியிருந்தார். மாறிய பிறகுதான் இமை மோசமானது. "உடம்பு பழைய நச்சை வெளியேத்துது, பொறுத்துக்கோங்க" என்று யாரோ சொல்ல, அவரும் பொறுத்துக்கொண்டிருந்தார். இந்த நச்சு வெளியேற்ற விளக்கம் எத்தனை பேரின் சிகிச்சையைத் தள்ளிப்போட்டிருக்கிறது என்று நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது. புதிதாக ஒன்றைப் பூசி, தோல் சிவந்து அரித்தால், அந்தப் பொருளைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

அவருடைய முக எண்ணெயைத் திருப்பிப் பார்த்தேன். சூரியகாந்தி எண்ணெய், ஹோஹோபா எண்ணெய், வைட்டமின் ஈ. பிறகு லாவெண்டர், ஆரஞ்சுத் தோல், ஜெரேனியம் எண்ணெய்கள். கடைசி வரியில் லினலூல், லிமோனீன், ஜெரானியால், சிட்ரோனெல்லால். இந்தக் கடைசி நான்கையும் யாரும் தனியாகக் கொண்டுவந்து கலக்கவில்லை. அந்த மூன்று வாசனை எண்ணெய்களுக்குள்ளேயே இருப்பவை அவை. ஒவ்வாமை வரவழைக்கக்கூடியவை என்பதால் பெயர் சொல்லி அச்சிட வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் இப்படி 26 வாசனைப் பொருள்களைக் கட்டாயமாக்கியது. 2023இல் வந்த விதி அந்தப் பட்டியலை 80க்கும் மேலாக நீட்டியிருக்கிறது. நீட்டிய பெயர்களில் செடிகளிலிருந்து எடுத்த எண்ணெய்களும் உண்டு.

பேட்ச் டெஸ்ட் செய்தோம். சந்தேகப்படும் பொருள்களைச் சின்னஞ்சிறு கிண்ணங்களில் வைத்து முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்து, நான்காம் நாள் மறுபடி பார்க்கும் சோதனை. இரண்டாம் நாள் லேசான சிவப்பாக இருந்த இரண்டு இடங்கள் நான்காம் நாள் தடித்து, நுண்ணிய கொப்புளங்களோடு நின்றன. ஒன்று லினலூல், இன்னொன்று லிமோனீன், இரண்டும் காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்த வடிவத்தில். சீசா திறந்த புதிதில் இவை அவ்வளவு தொல்லை தருவதில்லை. காற்றுப் பட்டுப் பட்டு ஹைட்ரோபெராக்சைடுகளாக மாறும்போதுதான் ஒவ்வாமையைத் தூண்டும் வேகம் ஏறுகிறது. டீ ட்ரீ எண்ணெய்க்கும் இதே கதைதான். அந்த அம்மையாரின் சீசா குளியலறை அலமாரியில் மூடி சரியாக மூடாமலேயே நெடுநாள் இருந்திருக்கிறது. நிறுத்தினார், சில வாரங்களில் இமை தெளிந்தது.

"ஆனா அது ஆர்கானிக் டாக்டர்..." என்று இழுத்தார். நியாயமான கேள்வி. ஆர்கானிக் என்பது வயலைப் பற்றிய செய்தி. செயற்கை உரம் போடாமல் வளர்த்த லாவெண்டரிலும் லினலூல் அதே லினலூல்தான். ஐரோப்பாவில் பெரிதும் பின்பற்றப்படும் காஸ்மாஸ் தரநிலையை எடுத்துக்கொள்ளுங்கள். வேதிமாற்றம் இல்லாமல் அரைத்தோ பிழிந்தோ எடுக்கும் தாவரப் பொருள்களில் 95 விழுக்காடு ஆர்கானிக்காக இருக்க வேண்டும் என்கிறது. மொத்தப் பொருளில் 20 விழுக்காடு இருந்தால் போதும். ஷாம்பு மாதிரி கழுவிவிடும் பொருள்களுக்கு 10. இதில் ஏமாற்று எதுவுமில்லை. ஷாம்புவில் பெரும்பகுதி தண்ணீர், தண்ணீரை யாரும் விளைவிக்க முடியாது. மண்ணுக்கும் விவசாயிக்கும் நல்லது என்று நினைத்து ஒருவர் அந்த முத்திரையைத் தேடி வாங்கினால் நான் தடுக்க மாட்டேன். தோலுக்கான உத்தரவாதமாக அதை எடுத்துக்கொள்ளும்போதுதான் சிக்கல். 'நேச்சுரல்' என்ற முத்திரைக்கு அந்த அளவு பின்புலம்கூடக் கிடையாது. அழகுசாதனப் பொருள்களில் அதை எப்போது போடலாம் என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ வரையறுக்கவே இல்லை. ஒவ்வாமை வர வாய்ப்புக் குறைவு என்று பொருள்தரும் 'ஹைப்போஅலர்ஜெனிக்'குக்கும் அதே நிலைமை. அந்த நாட்டுக் கடைகளில் 'நேச்சுரல்' என்று விற்கும் சுமார் 1650 தோல் பராமரிப்புப் பொருள்களை ஆராய்ந்து 2022இல் வந்த ஆய்வில், பத்தில் ஒன்பதுக்கும் மேல் ஏதாவது ஒரு ஒவ்வாமைப் பொருளாவது இருந்தது.

அப்படியானால் வழக்கமான பொருள்களே போதும் என்கிறீர்களா என்று கேட்பார்கள். இல்லை. மாறுவதற்குக் காரணங்கள் இருக்கின்றன. கலிஃபோர்னியாவில் 100 பதின்வயதுப் பெண்களை வைத்துச் செய்து 2016இல் வெளியான ஓர் ஆய்வு எனக்குப் பிடித்தமானது. மூன்றே நாள், தாலேட் (வாசனையைத் தக்கவைப்பது), பாராபென் (பிரிசர்வேட்டிவ், அதாவது கெடாமல் காப்பது), ட்ரைக்ளோசான் (கிருமிநாசினி), ஆக்சிபென்சோன் (வெயில் தடுப்பான்) இல்லை என்று அச்சிட்ட பொருள்களை மட்டும் அவர்கள் பயன்படுத்தினார்கள். வாசனைப் பொருள்களோடு வரும் ஒரு தாலேட்டின் எச்சம் சிறுநீரில் 27 விழுக்காடு குறைந்தது. மெத்தில், புரோப்பில் பாராபென்கள் 40 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தன. பூசுவது உடம்புக்குள் போகிறது, நிறுத்தினால் குறைகிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டாம். ஒரு வேடிக்கையும் நடந்தது: வேறு இரண்டு பாராபென்கள் ஏறியிருந்தன. இதை வைத்து நோய் வரும், வராது என்று எதுவும் சொல்ல முடியாது. அந்த ஆய்வு அதை அளக்கவில்லை. ஆனாலும் கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளின் பெற்றோரும் தேவையில்லாத வாசனையைக் குறைத்துக்கொண்டால் இழப்பதற்கு ஒன்றுமில்லை என்பேன்.

பாராபென் விவகாரத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். 2004இல் பிரிட்டனில் 20 மார்பகப் புற்றுக்கட்டிகளின் திசுவில் பாராபென் இருப்பதாக ஓர் ஆய்வு சொன்னது. பக்கத்திலிருந்த நல்ல திசுவோடு ஒப்பிடவில்லை, காரணம் எதையும் அது நிறுவவுமில்லை. ஆனால் செய்தி பரவிய வேகத்தில் 'பாராபென் ஃப்ரீ' ஒரு விற்பனை மந்திரமாகிவிட்டது. தண்ணீர் கலந்த க்ரீமில் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளராமல் தடுக்க ஏதாவது ஒன்று வேண்டுமே! பாராபென் விட்டுப்போன இடத்தில் நுழைந்தவற்றில் ஒன்று மெத்தில்ஐசோதயசோலினோன். பெயரைச் சொல்லவே மூச்சு வாங்கும். ஈரத் துடைப்பான், ஷாம்பு, லோஷன் என்று எங்கும் புகுந்தது. சில ஆண்டுகளில் ஐரோப்பிய ஒவ்வாமைக் கிளினிக்குகள் இதற்கு ஒவ்வாமை வந்தவர்களால் நிரம்பின. அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் 2013இல் இதை 'ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று அறிவித்தது. பூசிவிட்டு அப்படியே விடும் பொருள்களில் 2017இல் ஐரோப்பா இதைத் தடை செய்தது. அதே சங்கம் 2019இல் பாராபென்களை ஆண்டின் 'ஒவ்வாமை அல்லாத' பொருளாகத் தேர்ந்தெடுத்தது! எல்லாப் பாராபென்களும் ஒன்றல்ல என்பதும் உண்மை. ஐசோபுரோப்பில், ஐசோபியூட்டில் உட்பட ஐந்தை ஐரோப்பா 2014இல் தடை செய்து, புரோப்பில், பியூட்டில் வகைகளின் அளவையும் குறைத்தது. ஒரு பெயரைப் பார்த்துப் பயந்து ஓடுகிறவர், பதிலுக்கு என்ன வந்திருக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

பிரிசர்வேட்டிவே இல்லாமல் வீட்டில் தயாரிக்கிறேன் என்பவர்கள் உண்டு. வெறும் எண்ணெயாகவோ மெழுகாகவோ இருந்தால் பரவாயில்லை. தண்ணீர் இல்லாத இடத்தில் கிருமி வளர்வது கடினம். கற்றாழைச் சாறோ பன்னீரோ ஒரு துளி சேர்ந்துவிட்டால் கதை வேறு. காஸ்மாஸ் சான்றிதழ் பெற்ற க்ரீம்களிலேயே பென்சைல் ஆல்கஹால், சார்பிக் அமிலம் மாதிரியானவற்றை அனுமதிப்பது இதனால்தான். எலுமிச்சைச் சாறு முகத்துக்கு வேண்டவே வேண்டாம். அதன் அமிலம் ஒரு பக்கம் இருக்கட்டும். எலுமிச்சை இனத்துப் பழங்களில் உள்ள ஃபியூரோகூமரின்கள் வெயிலோடு சேர்ந்தால் தோலைத் தீய்த்தது போலக் கொப்புளிக்கவைத்து, மாதக்கணக்கில் போகாத கருந்தடத்தை விட்டுச் செல்லும். பேக்கிங் சோடா எதிர்த்திசை: தோலின் இயல்பான பிஎச் (அமில, கார அளவு; 7க்குக் கீழே அமிலம், மேலே காரம்) ஏறத்தாழ 5, சோடாக் கரைசலுடையது 8க்கு மேல். எண்ணெய்களிலும் எல்லாம் ஒன்றல்ல. பொடுகுக்குக் காரணமான மலசீசியா பூஞ்சைக்குப் பல எண்ணெய்களின் கொழுப்பு அமிலங்கள் நல்ல தீனி. உச்சந்தலையில் எண்ணெயை ஊறவைத்துப் பொடுகை விரட்டப் பார்ப்பவர் அதற்குச் சோறு போட்டு வளர்க்கிறார்.

இவ்வளவும் தொல்லைதான், ஆபத்து என்று சொல்ல மாட்டேன். ஆபத்து வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது.

முதலாவது கருப்பு மருதாணி. மருதாணி இலையில் உள்ள லாசோன் என்ற சாயம் தரும் நிறம் ஆரஞ்சிலிருந்து செம்பழுப்பு வரைதான். பிடிக்கவும் மணிக்கணக்கில் ஆகும். 'நூறு சதவீதம் மூலிகை' என்று சொல்லிவிட்டு அரை மணி நேரத்தில் கன்னங்கரேலென்று ஆக்கும் பொடியில் பிபிடி எனப்படும் பாராஃபினைலீன்டையமின் இருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். சாதாரண ஹேர் டையிலும் இதுதான் இருக்கிறது. ஆனால் அங்கே ஐரோப்பிய விதிப்படி 2 விழுக்காடு என்ற உச்சவரம்பு உண்டு, எச்சரிக்கையும் அச்சிட்டிருப்பார்கள். மூலிகைப் பொடிக்குள் ஒளிந்து வரும்போது அளவும் தெரியாது, இருப்பதும் தெரியாது. ஒவ்வாமை வந்தால் உச்சந்தலை கசியும், காது மடல் வீங்கும், மறுநாள் காலை கண்ணையே திறக்க முடியாமல் முகம் உப்பிவிடும். ஒருமுறை வந்த ஒவ்வாமை பொதுவாக ஆயுள் முழுக்கக் கூடவே இருக்கும். துணிச் சாயங்கள் சிலவும், மரத்துப்போகச் செய்யும் பென்சோகெயின் மருந்தும்கூட அவருக்குப் பின்னாளில் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

இரண்டாவது, அளவுக்கு மீறி நன்றாக வேலை செய்யும் மூலிகைக் களிம்பு. கரப்பான் இரண்டே நாளில் மறைகிறது, நிறம் ஒரு வாரத்தில் வெளுக்கிறது, நிறுத்தினால் முன்னைவிட மோசமாகத் திரும்புகிறது. டப்பாவில் உட்பொருள் பட்டியலே இருக்காது. பிரிட்டனின் பர்மிங்காமில் எக்ஸிமா குழந்தைகளுக்குப் பூசிய 24 'மூலிகை' க்ரீம்களைச் சோதித்து 2003இல் வெளியிட்ட ஆய்வில் 20இல் ஸ்டீராய்டு இருந்தது. நிறம் வெளுக்கும் க்ரீம்களில் பாதரசமும் கலக்கிறார்கள். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். பத்து லட்சத்தில் 1 பங்குக்கு மேல் பாதரசம் உள்ள அழகுசாதனங்களை 2020க்குப் பிறகு தயாரிக்கவோ ஏற்றுமதி, இறக்குமதி செய்யவோ கூடாது என்று பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமான மினமாட்டா உடன்படிக்கை சொன்ன பிறகும் அவை சந்தையில் கிடைக்கின்றன. பட்டியல் இல்லாத டப்பாவை, யார் கொடுத்தாலும், முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள்.

நான் என்ன வாங்கச் சொல்வேன்? முதலில், எண்ணிக்கையைக் குறையுங்கள். ஏழு பொருள் பூசுகிறவருக்கு எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிப்பதே ஒரு துப்பறியும் வேலை. வாசனை இல்லாததைத் தேர்ந்தெடுங்கள். 'ஃப்ராகரன்ஸ் ஃப்ரீ' வேறு, 'அன்சென்டட்' வேறு. இரண்டாவதில் வாடையை மறைக்கவே ஒரு வாசனையைச் சேர்த்திருக்கலாம். பட்டியலில் 1 விழுக்காட்டுக்கு மேலுள்ளவை அளவின் இறங்குவரிசையில்தான் வரும். ஆகவே முன்பக்கத்தில் படம் போட்ட மூலிகை, பின்பக்கத்தில் பிரிசர்வேட்டிவுக்கும் கீழே நின்றால் அது பெயருக்குத்தான். கழுவிவிடும் பொருளைவிடத் தோலிலேயே தங்கும் பொருளில் கூடுதல் கவனம் தேவை. சன்ஸ்க்ரீன் வேண்டுமானால் துத்தநாக ஆக்சைடு உள்ளது நல்ல தேர்வு. அதை மட்டும் வீட்டில் கலக்க வேண்டாம். வாசனை எண்ணெய் சேர்ந்த எதையும் இறுக மூடி, வெளிச்சம் படாமல் வையுங்கள். திறந்த டப்பா படத்துக்குள் '12எம்' என்றிருந்தால் திறந்த பிறகு 12 மாதம் என்று பொருள். திறந்த தேதியை அடியில் பேனாவால் எழுதிவிடுவது நல்லது.

புதிதாக ஒரு க்ரீம் வாங்கினால் முழங்கைக்கு உட்பக்கம், நாணயம் அளவு இடத்தில், நாளைக்கு இரண்டு வேளை, ஒரு வாரத்துக்குமேல் பூசிப் பாருங்கள். ஒரே நாள் பூசிப் பார்த்து 'ஒன்றும் ஆகவில்லை' என்று முடிவு செய்ய முடியாது. இந்த வகை ஒவ்வாமை தாமதமாகத்தான் தலைகாட்டும். சிவந்தால் நிறுத்திவிட்டு, சீசாவைப் பத்திரப்படுத்துங்கள். சோப்பு, ஷாம்புவை இப்படிச் சோதிக்க வேண்டாம். கழுவாமல் விட்டால் ஒவ்வாமை இல்லாதவருக்கும் எரியும். ஹேர் டைக்கும் கருப்பு மருதாணிக்கும் இந்த முறை பொருந்தாது. அவற்றால் ஒருமுறை வீங்கியவர் வீட்டில் மறுபடி தொட்டுப் பார்க்கவே கூடாது, பேட்ச் டெஸ்ட் செய்யும் மருத்துவரிடம்தான் போக வேண்டும்.