எந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள்?

வேலையில் மனம் நொந்தவரிடம் "என்ன பிரச்சினை?" என்று கேட்டால், "ஒன்றுமில்லை, களைப்புதான்" என்பார். எந்தப் பாட்டை ஓயாமல் கேட்கிறீர்கள், அதில் எந்த வரி என்று கேட்டால் விஷயம் வெளியே வரும். பணியிட மனநல ஆலோசனையில் இது பயனுள்ள கேள்வி. உழைப்பாளர் பாட்டெல்லாம் ஒரே குறையைப் பாடுவதில்லை.

பாடகர் மெர்ல் டிராவிஸ் 1946-ல் பதிவு செய்த 'சிக்ஸ்டீன் டன்ஸ்' (பதினாறு டன்) அமெரிக்க நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் பாட்டு. அந்நாளில் பல சுரங்க நிறுவனங்கள் கூலியைக் காசாகத் தராமல், தங்கள் கடையில் மட்டும் செல்லும் டோக்கனாகத் தந்தன. எவ்வளவு அள்ளிப் போட்டாலும் கடைக்கடன் அடையாது. அந்தப் பாட்டின் கோபம் கூலிக் கணக்கின் மீது. பாடகி டாலி பார்ட்டனின் 'நைன் டு ஃபைவ்' (ஒன்பது முதல் ஐந்து வரை, 1980) அலுவலகப் பாட்டு, வேறு ரகம். தன் செயற்கை நகங்களை உரசித் தட்டச்சு இயந்திரத்தின் ஓசையை எழுப்பி அதையே தாளமாக்கினார் அவர். யோசனை ஊழியருடையது, நல்ல பெயர் மேலதிகாரிக்கு என்பதே அதில் உறுத்தும் வலி.

பாடகர் ஜானி பேச்செக்கின் 'டேக் திஸ் ஜாப் அண்ட் ஷவ் இட்' ("இந்த வேலையை நீயே வைத்துக்கொள்" என்று முகத்தில் எறிவது போன்ற பேச்சு, 1977) பாட்டை ராஜினாமாப் பாட்டாகவே பலரும் கேட்கிறார்கள். கூர்ந்து கேளுங்கள்: பாடுகிறவன் இன்னும் வேலையை விடவில்லை. என்றாவது அதைச் சொல்லும் துணிச்சல் வரும் என்று காத்திருக்கிறான். இந்தப் பாட்டைச் சுற்றிச் சுற்றிக் கேட்பவருக்கும் பெரும்பாலும் அதே நிலைதான். அன்றிரவே ராஜினாமாக் கடிதம் எழுத வேண்டாம் என்பதுதான் ஆலோசகர்களான நாங்கள் முதலில் சொல்வது.

உழைப்புக்கு ஈடாக மனிதர் எதிர்பார்ப்பதை மருத்துவச் சமூகவியலாளர் யோஹானஸ் சீக்ரிஸ்ட் 1996-ல் மூன்றாகப் பிரித்தார்: பணம், மதிப்பு, பணிப் பாதுகாப்புடன் கூடிய உயர்வு. கொடுப்பது மிகுந்து, வருவது குறைந்து, அது நெடுநாள் நீடித்தால் மனச்சோர்வும் இதய நோய் அபாயமும் கூடுகின்றன. நிர்வாகங்கள் சறுக்குவது இங்கேதான். சம்பளக் குறைக்குக் கேடயமும் கைதட்டலும் தருகிறார்கள். உழைப்புக்கான நல்ல பெயர் கிடைக்காதவருக்குச் சிறு ஊக்கத்தொகை தருகிறார்கள். இரண்டுமே புண்ணைக் கிளறும்.

பிடித்த வரியை ஒரு தாளில் எழுதுங்கள். அதற்குப் பொருந்தும், கடந்த மாதம் நடந்த 3 நிகழ்வுகளைத் தேதியோடு கீழே எழுதுங்கள். பணமா, மதிப்பா, பாதுகாப்பா என்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் குறியுங்கள். எது அதிகம் வருகிறதோ, அதை ஒரே ஒரு கோரிக்கையாக மாற்றுங்கள். "என்னை மதிப்பதே இல்லை" என்றால் மேலதிகாரிக்குச் செய்வதற்கு எதுவும் இல்லை. "நான் தயாரிக்கும் மாத அறிக்கையில் என் பெயர் வர வேண்டும்" என்றால் அவர் ஆம், இல்லை என்று பதில் சொல்லியாக வேண்டும்.

பாட்டோடு நின்றுவிட்டால் ஆற்றாமை ஊறிக்கொண்டே இருக்கும். ஓயாத அசதி, வேலை மீது வெறுப்பு, எதையும் உருப்படியாகச் செய்ய முடியவில்லை என்ற எண்ணம் ஆகிய மூன்றையும் பணிச்சோர்வின் கூறுகளாக உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வரையறுத்தது. அதை நோயாக அல்ல, வேலை சார்ந்த நிலையாகவே வகைப்படுத்தியிருக்கிறது. ஆகவே விடுப்பு மட்டும் போதாது. வேலைச் சூழலும் மாற வேண்டும். தூக்கமும் பசியும் இரண்டு வாரங்களுக்கு மேல் கெட்டிருந்தால் தாளை ஓரமாக வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.