மூளைக்குள்ள உக்காந்திருக்க நாலு பேரு

போன ஆவணியில திருமங்கலத்துல சொந்தக்காரங்க கல்யாணம். அக்கா மகன் என் பக்கத்துல உக்காந்திருந்தான், 14 வயசு, ரெண்டு காதுக்கும் மெஷின் போடுற பையன், மூணு வயசுல இருந்தே போடுறான். மண்டபத்துக்குள்ள நுழையும்போதே ரெண்டையும் கழட்டி சட்டைப்பையில போட்டுக்கிட்டான். நாதஸ்வரமும் தவிலும் தாங்க முடியாம கழட்டுறான் போலன்னு நெனச்சேன், ஏன்னா இந்த மாதிரி எடத்துல மெஷின் பேச்சையும் எரைச்சலையும் ஒண்ணா சேத்து ஏத்தி விடும், தலைவலியே வந்துரும். ஆனா பந்தி முடிஞ்சு மேளக்காரங்க கெளம்புன பெறகும் அவன் போடல. ஒரு பெரியம்மா வந்து எந்த ஸ்கூல்ல படிக்கிறன்னு கேக்குறாங்க, இவன் சிரிச்சுக்கிட்டே தலைய மட்டும் ஆட்டுறான், அவங்க ஒரு மாதிரி பாத்துட்டு போயிட்டாங்க.

அக்காகிட்ட போயி "மெஷின போடச் சொல்லுக்கா"ன்னேன். அக்கா அங்கிட்டும் இங்கிட்டும் பாத்துட்டு மெதுவா சொல்லுச்சு, "விடுடா, இன்னைக்கு ஒரு நாளு. நாலு பேரு வர்ற எடம்."

அந்த "நாலு பேரு" யாரு, நம்ம தலைக்குள்ள அவங்க எப்படி இவ்வளவு அதிகாரம் பண்றாங்கன்னு அன்னைக்கு ராத்திரியில இருந்து தேடித் தேடி படிச்சிட்டு இருக்கேன். அதத்தான் இங்க எழுதுறேன்.

1950கள்ல அமெரிக்காவுல சாலமன் ஆஷ்னு ஒரு சைக்காலஜிஸ்ட் ஒரு சோதனை செஞ்சாரு. ஒரு அட்டையில ஒரு கோடு, இன்னொரு அட்டையில மூணு கோடு, மூணுல எது முதல் கோட்டோட அதே நீளம்னு சொல்லணும், அவ்வளவுதான். தனியா உக்காந்து செஞ்சா தப்பு விடுறது 100க்கு 1 கூட இருக்காது. ஆனா ரூம்ல இருக்க மத்த எல்லாரும் ஆஷ் சொல்லிக்குடுத்து வச்ச ஆளுங்க, வேணும்னே ஒரே மாதிரி தப்பா சொல்லுவாங்க, நெசமான ஆளு ஒருத்தர் மட்டும்தான். இப்ப பாருங்க, கண்ணு முன்னாடி தெளிவா தெரியிற கோட்டப் போயி 100க்கு 37 தடவ தப்பாச் சொன்னாங்க, ஊரோட சேந்து.

இதுல என்னைய உலுக்குனது வேற ஒரு கணக்கு. எத்தன பேரு சேந்து தப்பு சொன்னா நம்ம மனசு வளையும்னு ஆஷ் மாத்தி மாத்தி பாத்தாரு. எதிர்ல ஒரே ஆளுன்னா 3.6 சதவீதம், அதாவது யாரும் கண்டுக்கல. ரெண்டு பேருன்னா 13.6. மூணு பேருன்னா 31.8. நாலு பேருன்னா 35.1. அதுக்கு மேல ஏழு பேரு, பதினஞ்சு பேருன்னு கூட்டிப் பாத்தாலும் பெருசா ஏறவே இல்ல. நம்மாளுங்க எந்தக் காலத்துல இருந்து "நாலு பேரு என்ன சொல்லுவாங்க"ன்னு சொல்றாங்கன்னு தெரியாது, ஆனா பத்து பேருன்னு சொல்லல, நூறு பேருன்னு சொல்லல, நாலுன்னு சொன்னாங்க பாருங்க.

இது பெரியவங்க கத. 14 வயசுல இது இன்னும் அதிகம்.

லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் மார்கோ கார்ட்னரும் 2005ல ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க, 306 பேர வச்சு. கம்ப்யூட்டர்ல கார் ஓட்டுற கேம், மஞ்ச சிக்னல் விழுந்த பெறகும் எவ்வளவு தூரம் ஓட்டுறீங்கன்னு பாக்குறது. தனியா ஓட்டுனப்ப 13லருந்து 16 வயசுக்குள்ள இருந்த பசங்களுக்கும் பெரியவங்களுக்கும் அவ்வளவு வித்தியாசம் இல்ல. பக்கத்துல அதே வயசுல ரெண்டு பேரு நின்னாங்க பாருங்க, பசங்க ரெண்டு மடங்கு ரிஸ்க் எடுத்தாங்க, 24 வயசு தாண்டுனவங்ககிட்ட ஒரு மாத்தமும் இல்ல. தெப்பக்குளத்த சுத்தி சாயங்காலம் ஒரே பைக்ல மூணு பேரா போற பசங்கள பாத்து "இவனுக்கு புத்தியே இல்லையா"ன்னு திட்டுறோம்ல, அதே பையன் தனியா வண்டி ஓட்டும்போது ஒழுங்காத்தான் ஓட்டுவான். 2011ல இதே குழு ஸ்கேன் மெஷினுக்குள்ள படுக்க வச்சே கேம் ஆட விட்டு பாத்தாங்க. ஃப்ரெண்டுங்க பாத்துக்கிட்டு இருக்காங்கன்னு தெரிஞ்சதும் மூளைக்குள்ள வென்ட்ரல் ஸ்ட்ரையேட்டம்னு ஒரு எடம், சந்தோஷம், பரிசு இதுக்கெல்லாம் துடிக்கிற எடம், டீன் ஏஜ் பசங்களுக்கு அதிகமா வேலை செஞ்சுச்சு. அந்த எடம் வயசுக்கு வர்ற காலத்துலயே சூடு புடிச்சிருது, அத அடக்குற நெத்திக்குப் பின்னாடி இருக்க பகுதி முழுசா பக்குவப்பட 20 வயசு தாண்டியும் பல வருஷம் ஆகுது.

இன்னொரு ஆராய்ச்சி, லியா சோமர்வில் 2013ல வெளியிட்டது, எனக்கு மனசு கஷ்டமாவே ஆயிருச்சு. 8 வயசுல இருந்து 23 வயசு வரைக்கும் ஆளுங்கள ஸ்கேன்ல படுக்க வச்சு, உங்க வயசுல ஒருத்தர் இப்ப கேமரா வழியா உங்கள பாக்குறாருன்னு சொன்னாங்க. வேற எந்த வேலையும் இல்ல, சும்மா படுத்திருக்கணும். டீன் ஏஜ் பசங்களுக்கு கையில வேர்க்குது, கூச்சம் ஏறுது, தன்னைப் பத்தி யோசிக்கிற மூளைப் பகுதி ஒரே வேகமா ஓடுது. நெசத்துல அங்கிட்டு யாருமே இல்ல. யாரும் பாக்கல.

மண்டபத்துல என் மருமகன் காத யாரு பாத்திருப்பாங்கன்னு நெனச்சுப் பாத்தேன். எல்லாரும் பந்தியில எடம் புடிக்கிற அவசரத்துல இருந்தாங்க. ஆனா அவன் மூளைக்கு அந்த மண்டபம் முழுக்க கேமரா.

மெஷின கழட்டுறதுனால என்ன போச்சுன்னு கேக்கலாம், அது வெறும் சத்தம் கொறையிற விசயம் இல்ல. அவன் அப்புறம் உதட்ட பாத்துத்தான் பேச்ச புடிக்கணும். கண்ணாடி முன்னாடி நின்னு "பாடு"ன்னு சொல்லிப் பாருங்க, அப்புறம் "மாடு"ன்னு சொல்லிப் பாருங்க, உதடு ரெண்டுக்கும் ஒரே மாதிரிதான் மூடித் தெறக்கும். ககரம் எல்லாம் தொண்டைக்குள்ள, வெளிய தெரியவே தெரியாது. அதனால பாதி வார்த்தைய அவன் மூளை ஊகம் பண்ணி பண்ணி ஒட்டவைக்குது, ஒரு ஊகம் முடியிறதுக்குள்ள பேசுறவங்க அடுத்த ரெண்டு வாக்கியம் போயிருவாங்க, சாயங்காலம் வீட்டுக்கு வந்து இவன் அசந்து விழுந்து தூங்குறத சோம்பேறித்தனம்னு வேற சொல்லுவாங்க. புரியாததுக்கு தலையாட்டி சிரிச்சு வைக்கிறது ஒரு தப்பிக்கிற வழி, அந்தப் பெரியம்மா அத பாத்துட்டு "பையனுக்கு கொஞ்சம் மந்தமோ"ன்னு நெனச்சிருப்பாங்க. எது தெரியக் கூடாதுன்னு மறைச்சானோ அதவிட மோசமான ஒண்ண அவங்க எடுத்துக்கிட்டு போனாங்க.

அக்கா மேல எனக்கு அன்னைக்கு கோவம் வந்துச்சு, இப்ப இல்ல. அக்காவுக்கு மூத்தது பொண்ணு, டிகிரி முடிச்சிருச்சு, வரன் பாத்துக்கிட்டு இருக்காங்க. தம்பிக்கு காது கேக்காதாமேன்னு ஒரு வீட்டுல ஏற்கனவே பேச்சு நின்னு போச்சு. எர்விங் காஃப்மன்னு ஒரு சமூகவியல் அறிஞர் 1963லயே இத எழுதி வச்சிருக்காரு, ஒருத்தர் மேல விழுற இழிவு அவரோட ஒட்டியிருக்கவங்க மேலயும் பரவும்னு. அம்மா மேல, அக்கா மேல, தாய்மாமன் மேலயும்தான். "சொந்தத்துல முடிச்சீங்களோ", "எந்த சென்மத்துப் பாவமோ"ன்னு கேட்டு கேட்டு ஒரு தாய் பத்து வருஷத்துல எப்படி ஆயிருவான்னு நான் பக்கத்துல இருந்து பாத்திருக்கேன். இத்தனைக்கும் அக்காவும் மாமாவும் அசல், சொந்தமே கெடையாது. அமெரிக்க கணக்குல காது கேக்காத புள்ளைங்கள்ல 100க்கு 90க்கும் மேல நல்லா காது கேக்குற அப்பா அம்மாவுக்குப் பொறந்தவங்கதான். அதாவது அந்த வீட்டுல அதுக்கு முன்னாடி இத வாழ்ந்து பாத்தவங்க யாரும் இல்ல, கேட்டுத் தெரிஞ்சுக்கவும் ஆளு இல்ல, இருக்கது எல்லாம் அந்த நாலு பேருதான்.

அந்த நாலு பேரு வேற மாதிரி இருந்த ஊரு ஒண்ணு உண்டு. அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் கடற்கரைக்குப் பக்கத்துல மார்த்தாஸ் வின்யார்டுன்னு ஒரு தீவு. பரம்பரையா வர்ற மரபணுவால அங்க காது கேக்காதவங்க அதிகம். 19ம் நூற்றாண்டுல நாடு முழுக்க 5,728 பேருக்கு ஒருத்தர்னு இருந்தப்ப அந்தத் தீவுல 155 பேருக்கு ஒருத்தர், சில்மார்க்னு ஒரு ஊர்ல மட்டும் 25 பேருக்கு ஒருத்தர். அங்க என்ன ஆச்சுன்னா, காது கேக்குறவங்க உட்பட எல்லாருமே சைகை மொழி கத்துக்கிட்டாங்க. மீன் புடிக்கப் போனா படகுக்கு படகு சைகையில பேசிக்கிட்டாங்க, காது கேக்காதவங்க கல்யாணம் பண்ணாங்க, விவசாயம் பாத்தாங்க, ஊர்ப் பொறுப்புகள்ல இருந்தாங்க. நோரா குரோஸ்னு ஒரு மானுடவியல் அறிஞர் பின்னாடி போயி அந்தத் தீவு பெரியவங்ககிட்ட விசாரிச்சப்ப, குறிப்பிட்ட ஒருத்தருக்கு காது கேக்குமா கேக்காதான்னு பல பேரு யோசிச்சுத்தான் சொல்ல வேண்டியிருந்துச்சு. அந்தப் பரம்பரையில காது கேக்காம பொறந்த கடைசி ஆளு 1952ல எறந்தாரு. ரெண்டரை நூற்றாண்டு அங்க கேக்காத காது இருந்துச்சு, அத ஒரு கொறையா ஆக்குற ஊரு இல்ல.

மதுரையில அரவிந்த் கண் ஆஸ்பத்திரி தெரியாதவங்க இருக்க மாட்டாங்க, 1976ல 11 படுக்கையோட ஆரம்பிச்ச டாக்டர் வெங்கடசாமிக்கு முடக்குவாதத்துல கைவிரல் எல்லாம் கோணிப்போச்சு. அவர தன்னம்பிக்கைக்கு உதாரணமா மேடையில பேசுவாங்க, அது சரிதான். நான் கவனிக்கிறது இன்னொண்ணு. அந்த விரலுக்கு ஏத்த மாதிரி கருவி செஞ்சுக்கிட்டாரு, அந்தக் கைய நம்பி கண்ணக் குடுக்க ஜனங்க வந்தாங்க, லட்சத்துக்கு மேல ஆபரேஷன் செஞ்சாரு. கை மாறல, கையச் சுத்தி இருந்தது மாறுச்சு.

சுத்தி இருக்கவங்க மனசு எப்படி மாறும்னா, பக்கத்துல இருந்து பழகுனா மாறும்னு கோர்டன் ஆல்போர்ட்னு ஒரு சைக்காலஜிஸ்ட் 1954ல சொன்னாரு, பெறகு 2006ல பெட்டிக்ரூவும் ட்ராப்பும் 500க்கு மேல ஆராய்ச்சிகள ஒண்ணா சேத்து பாத்து அது பெரும்பாலும் சரின்னு காட்டுனாங்க. ஆனா ஆல்போர்ட் முக்கியமா ஒண்ணு கேக்குறாரு, ரெண்டு பக்கமும் சமமா நிக்கணும், ஒரே காரியத்துக்காக ஒண்ணா உழைக்கணும்னு. பிறந்தநாளுக்கு ஒரு இல்லத்துல போயி சாப்பாடு போட்டு போட்டோ எடுத்துட்டு வர்றோம், அங்க குடுக்குறவன் ஒரு பக்கம் வாங்குறவன் ஒரு பக்கம். சாப்பாடு போடுறது நல்ல காரியம்தான், ஆனா அதுல நம்ம மனசு மாறிரும்னு எதிர்பாக்காதீங்க. உங்க புள்ளையோட கிளாஸ்ல, பெஞ்சுல, டீம்ல அந்தப் புள்ளை இருக்கணும்.

இப்ப ஆஷ் சோதனைக்கே திரும்பி வர்றேன், நான் சொல்ல வந்ததே இதுதான். கூட்டத்துல ஒரே ஒரு ஆள சரியான கோட்ட சொல்ல வச்சாரு ஆஷ். ஒரே ஆளு. கூட்டத்தோட பலம் கிட்டத்தட்ட கால்வாசியா கொறைஞ்சு போச்சு. அதுக்கப்புறம் இன்னும் ரெண்டு விதமா பாத்தாரு. ஒண்ணுல அந்தத் துணையாளு பாதியில வேலை இருக்குன்னு எந்திரிச்சு போயிட்டாரு, ஆனாலும் அவர் குடுத்த தைரியம் கொஞ்சம் நின்னுச்சு, தப்பு கூடுச்சு ஆனா ரொம்பக் கூடல. இன்னொண்ணுல துணையாளு பாதியில கட்சி மாறி கூட்டத்தோட சேந்து தப்பா சொல்ல ஆரம்பிச்சாரு. அவ்வளவுதான், நம்மாளு திடுதிப்புன்னு சரிஞ்சுட்டாரு.

இத படிச்சப்ப எனக்கு மண்டபம்தான் ஞாபகம் வந்துச்சு. வீட்டுல தெனமும் "மெஷின போடு சாமி, அதுல என்ன வெக்கம்"னு சொல்ற அக்கா, மண்டபத்து வாசல்ல முடிய இழுத்து காத மூடி விட்டுச்சு. நானும் ஒருவாட்டி சொல்லிட்டு பேசாம பந்திக்கு போயிட்டேன். ஒரு வயசுல அழகர்கோயில்ல என் மடியில உக்கார வச்சுத்தான் அவனுக்கு காது குத்துனாங்க, பின்னாடி இருந்து எத்தன பேரு கூப்புட்டும் அவன் திரும்பலன்னு அன்னைக்கே கவனிச்சிருக்கணும், சமத்துப் புள்ளைன்னு சொல்லி சிரிச்சோம்.

ஒருநா ராத்திரி மொட்டமாடியில வச்சு அக்காகிட்ட இத எல்லாம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசல. அப்புறம் "நான் சொன்னா இப்ப கேக்கவா போறான், ஃப்ரெண்டு சொன்னாத்தான் வேதவாக்கு"ன்னு சொல்லுச்சு. அதுலயும் உண்மை இருக்கு, 2022ல ஸ்டான்ஃபோர்டுல டேனியல் ஆப்ராம்ஸ் குழு பாத்தாங்க, சின்னப் புள்ளைங்க மூளை அம்மா குரலுக்குத்தான் அதிகமா மலருது, 13 வயசு வாக்குல அது திரும்பிப்போயி அறிமுகமில்லாத குரலுக்கு மலர ஆரம்பிக்குது. வெறுப்பு இல்லக்கா அது, அவன் வெளிய போயி வாழுறதுக்கு மூளை தயாராகுதுன்னு சொன்னேன். அதே மாதிரி பசங்க பாக்குறாங்கன்னா கெட்டதுதான் நடக்கும்னு இல்ல, நெதர்லாந்துல 12லருந்து 16 வயசுப் பசங்கள வச்சு பாத்ததுல, கூட இருக்கவங்க பாராட்டுனா அவங்க தன் பங்க விட்டுக்குடுக்குறதும் கூடுச்சு.

அக்கா தெருவுல பசங்க கிரிக்கெட் ஆடுவாங்க. இவன் ரொம்ப நாளா பவுண்டரி கிட்ட பந்து பொறுக்குறதோட சரி, ஏன்னா "ஓடு"ன்னு கத்துனா கேக்காது, ரெண்டு தடவ ரன் அவுட் ஆகி டீம் தோத்துருச்சு. போன மாசம் போனப்ப இவன் பேட்டிங் ஆடிக்கிட்டு இருந்தான், ரெண்டு காதுலயும் மெஷின், வேர்வை படாம இருக்க மேல ஒரு துணிப்பட்டி கட்டியிருந்தான். எதிர்ல நின்ன பையன் வாயத் தெறக்கல, பேட்ட தூக்கிக் காட்டுனா ஓடணும், கீழ தட்டுனா நிக்கணும். யாருடா இத சொல்லிக்குடுத்ததுன்னு கேட்டேன். "மேல வீட்டுப் பையன் மாமா, இப்ப எல்லாருமே அப்படித்தான் ஓடுறோம், எதிர் டீமுக்கு கேக்காதுல்ல"ன்னான்.