இ.ஜி.ஆர். வால்வை மாற்றும் முன்

பழைய கார் ஒன்று ‘செக் எஞ்சின்’ விளக்கு எரிய பணிமனைக்குள் வருகிறது. ஸ்கேனரைச் செருகினால் பி0401 என்ற கோளாறுக் குறியீட்டைக் காட்டுகிறது. உடனே, “இ.ஜி.ஆர். வால்வு (எரிந்த புகையை எஞ்சினுக்குத் திருப்பிவிடும் வால்வு) போய்விட்டது, புதிதாகப் போட்டுவிடலாம்” என்று தீர்ப்பாகிவிடுகிறது. பி0401 அப்படி எதையும் சொல்லவில்லை. எரிந்த புகை போதிய அளவு எஞ்சினுக்குத் திரும்பவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். புகை வரும் பாதை கரியால் அடைத்திருந்தாலும், வால்வை உறிஞ்சித் திறக்கும் வேக்குவம் (வெற்றிடம்) குழாய் வெடித்திருந்தாலும் அதே குறியீடுதான் வரும். கழற்றிப் போட்ட வால்வு நன்றாகவே இருக்க, புது வால்வுடன் அதே விளக்கு மீண்டும் எரியும் கார்களை நான் நிறையவே பார்க்கிறேன்.

இந்த வால்வின் வேலை எளிது. வெளியேறும் புகையில் ஒரு பங்கை உள்ளிழுக்கும் காற்றோடு கலக்கிறது. அந்தப் புகை மறுபடி எரியாது. இடத்தை அடைத்துக்கொண்டு, எரியும் வெப்பத்தைக் குறைக்கும். சுமார் 1,370 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகள் பெருகும். மூச்சுக்குழலை உறுத்தும் வாயுக்கள் அவை. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கார்களில் இந்த ஏற்பாடு வந்ததற்குக் காரணமும் அதுவே.

பெட்ரோல் எஞ்சினில், வண்டி நின்றபடி ஓடும்போது வால்வு மூடியிருக்க வேண்டும். கரி சிக்கித் திறந்தே நின்றுவிட்டால் எஞ்சின் நடுங்கும், சிக்னலில் அணைந்துவிடும். மூடியே நின்றால் மேடேறும்போது எரிபொருள் தாறுமாறாக எரிவதால் ‘டிக் டிக்’ என்று நாக்கிங் சத்தம் கேட்கும். டீசலில் திறந்து நின்ற வால்வின் அடையாளங்கள் கரும்புகையும் பிக்கப் குறைவும்.

வேக்குவத்தில் இயங்கும் பழைய பெட்ரோல் வால்வைச் சோதிக்க, வேக்குவம் தரும் ஒரு கைப்பம்பு போதும். எஞ்சின் சூடாகி ஓடிக்கொண்டிருக்கும்போது பம்பால் வால்வைத் திறந்தால், எஞ்சின் தடுமாற வேண்டும் அல்லது அணைய வேண்டும். வால்வின் தண்டு அசைந்தும் எஞ்சினில் மாற்றமே இல்லையென்றால் பாதை அடைத்திருக்கிறது. புது வால்வு வாங்கிப் பயனில்லை. வேக்குவம் நிற்காமல் இறங்கினால் வால்வை அசைக்கும் ரப்பர் சவ்வான டயஃப்ரம் கிழிந்திருக்கும், அதற்கு மாற்றுவதுதான் வழி. (புகையின் அழுத்தத்தை உணர்ந்து வேலை செய்யும் சில வகை வால்வுகளில், எஞ்சின் ஓடாதபோது வேக்குவம் நிற்காது. அதை வைத்துக் கெட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.)

சுத்தம் செய்வதென்றால் எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். துருப்பிடித்த போல்ட்டுக்குத் துரு இளக்கும் எண்ணெயை முந்தைய நாளே விட்டுவைப்பது நல்லது. உடைந்த போல்ட்டை எடுக்க ஆகும் நேரம் மற்ற வேலை முழுவதையும்விட அதிகம். கண்ணைக் காக்கும் கண்ணாடியும் கையுறையும் அவசியம். கரியைக் கரைக்கும் கிளீனர் திரவம் எளிதில் தீப்பிடிக்கும். பலர் தவறுவது இங்கேதான்: வால்வை அப்படியே கிளீனரில் ஊறப்போடுகிறார்கள். அது டயஃப்ரத்தின் ரப்பரைத் தின்றுவிடும், மின்மோட்டார் உள்ள வால்வானால் மோட்டாரையும் கெடுக்கும். கரி படிந்த உலோகப் பகுதியை மட்டும் நனைத்து, நைலான் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினால் வால்வு அமரும் விளிம்பில் கோடு விழும், பிறகு அது ஒருபோதும் முழுதாக மூடாது. எஞ்சினுக்குள் காற்றைப் பிரித்தனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டின் வாயில் துணி அடைத்துவிட்டுப் பாதையையும் சுரண்டி எடுங்கள். வால்வுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் எப்போதும் புதிது.

டீசல் எஞ்சினை ஓடவிட்டுக் காற்றுக்குழாயில் கிளீனர் அடிக்கும் காணொளிகளைப் பார்த்து யாரும் செய்ய வேண்டாம். டீசல் அந்தத் திரவத்தையும் எரிபொருளாக எரித்துக் கட்டுக்கடங்காமல் வேகம் எடுக்கக்கூடும். டேங்கில் ஊற்றும் மருந்தும் இங்கே எட்டாது. வால்வின் வழியே எரிபொருள் போவதில்லை.

கழற்றிய வால்வு சொல்லும் செய்தியைப் படியுங்கள். உலர்ந்த கரி சில ஆண்டு ஓட்டத்தில் இயல்பு. எண்ணெய் கலந்த தார் போன்ற பிசுக்கு இருந்தால் பி.சி.வி. வால்வையோ (எஞ்சினின் உள்ளே சேரும் வாயுவை உள்ளிழுக்கும் காற்றோடு சேர்ப்பது) காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவையோ பார்க்க வேண்டும். டீசலில் ஈரமும் வெள்ளைப் படிவும் இருந்து, கசிவே தெரியாமல் கூலன்ட் குறைகிறதென்றால் திரும்பும் புகையைக் குளிர்விக்கும் இ.ஜி.ஆர். கூலர் ஓட்டையாகியிருக்கலாம். அதைத் தள்ளிப்போட்டால் எஞ்சினே கையைவிட்டுப் போகும்.

புகை திரும்பும் பாதையைத் தகடு வைத்து அடைத்துவிடச் சொல்பவர்களுக்கு நான் செய்து கொடுப்பதில்லை. பல நாடுகளில் அது சட்டப்படி குற்றம். நாக்கிங்கும் குறியீடும் கூடவே வரும்.

மின்சார வால்வானால், மாட்டிய பிறகு அதன் மூடும் நிலையை எஞ்சின் கணினிக்கு ஸ்கேனர் மூலம் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கலாம். விளக்கு அணைந்திருப்பதை மட்டும் பார்த்து வண்டியை எடுத்துப் போகாதீர்கள். குறியீட்டை அழித்தால் எந்த விளக்கும் அணையும். புகை போதிய அளவு திரும்புகிறதா என்ற சோதனையைக் கணினி குறிப்பிட்ட வேகத்திலும் சுமையிலும்தான் செய்து பார்க்கிறது. நெடுஞ்சாலையிலும் நகரத்திலுமாகச் சில நாள் ஓட்டிவிட்டு மறுபடி ஸ்கேனரைச் செருகச் சொல்லுங்கள். அதே எண் தலைகாட்டினால் அடுத்துப் பார்க்க வேண்டியவை வால்வுக்குப் போகும் வேக்குவத்தை மின்சாரத்தால் திறந்து மூடும் சோலனாய்டும், புகையின் ஓட்டத்தை உணரும் சென்சாரும்.