ப்ராசசருக்குப் பசை போடாதீர்கள்

இன்னொரு போர்டு மேசைக்கு வந்திருக்கிறது. சிப்பின் சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகத் துண்டான ஹீட்சிங்கின் அடியில் சிப் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. சிப் இருந்த இடத்தில் செம்புப் புள்ளிகள் உரிந்து, போர்டின் நார் வெளுப்பாகத் தெரிகிறது. சூடு கடத்தும் தெர்மல் பேஸ்ட் போட வேண்டிய இடத்தில் தெர்மல் பசை போட்டிருக்கிறார்கள். வழக்கமான கதைதான்.

இரண்டும் ட்யூபில் வரும், இரண்டும் வெள்ளை அல்லது சாம்பல் நிறம். ஒற்றுமை அதோடு சரி. பேஸ்ட் இறுகாது, ஹீட்சிங்கைப் பிடித்திருப்பது ஸ்க்ரூவும் கிளிப்பும். பசை இறுகும், பிடித்திருப்பதே அதுதான். "கெட்டியாக ஒட்டினால் சூடு நன்றாக இறங்கும்" என்கிறார்களே, இறங்காது! அலுமினியத்தின் வெப்பக் கடத்தல் திறன் சுமார் 200 W/mK என்றால் சாதாரணத் தெர்மல் பசைக்கு 1 அல்லது 2தான். காற்றுக்கு 0.026. காற்று நிற்கும் நுண்குழிகளை நிரப்புவதற்குத்தான் பசை. அள்ளிப் பூசினால் நீங்களே சிப்புக்குப் போர்வை போர்த்துகிறீர்கள்.

ஸ்க்ரூத் துளையோ கிளிப்போ இருந்தால் பசைக்கு அங்கே வேலையில்லை. கிராபிக்ஸ் கார்டின் மெமரி சிப், மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் மாஸ்ஃபெட் போன்ற துளையில்லாத சிறுசுகளுக்கே அது. அதிலும் பின்னால் கழற்ற வேண்டிவரும் என்று தோன்றினால் சூடு கடத்தும் ஒட்டு நாடாவான தெர்மல் டேப் போதும்.

பசைதான் போட வேண்டுமென்றால், சிப், ஹீட்சிங்க் இரண்டின் பரப்பையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தபின் விரல் படக்கூடாது. இரு ட்யூபில் வரும் எபாக்சிப் பசையைச் சம அளவு கலக்குங்கள். ஐந்து நிமிடத்தில் இறுகும் வகையானால் ஒரே நேரத்தில் இரண்டு ஹீட்சிங்குக்கு மேல் ஆசைப்படாதீர்கள். 10 மி.மீ. சிப்புக்குத் தீக்குச்சித் தலையளவு போதும். வைத்து அழுத்தி, இலேசாக இடவலம் திருகி, அசையாமல் பிடியுங்கள். சிப்பின் உலோகக் கால்களுக்கு வழிந்ததை ஈரமாக இருக்கும்போதே துடைத்துவிடுங்கள்; வெள்ளித்தூள் கலந்த, மின்சாரம் கடத்தக்கூடிய பசையென்றால் இதில் அலட்சியம் கூடவே கூடாது. முழுதாக இறுகும்வரை போர்டு படுத்தே கிடக்கட்டும்.

சூப்பர் குளூ வேண்டவே வேண்டாம். சூட்டில் நொறுங்கி, ஓடிக்கொண்டிருக்கும் போர்டின் மேல் அலுமினியத் துண்டு விழுந்தால் ஷார்ட்தான்.

ஏற்கெனவே ஒட்டிவிட்டீர்களா? தயவுசெய்து ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாதீர்கள். காற்றுப் புகாத பையில் இட்டு ஃப்ரீசரில் ஓரிரு மணி நேரம் வைத்து, எடுத்ததும் மெல்லப் பக்கவாட்டில் திருகுங்கள். பனி ஈரம் முழுக்க உலரும்வரை மின்சாரம் கொடுக்கக்கூடாது. திருகியும் அசையவில்லையென்றால் விட்டுவிட்டு, மேலே ஒரு சின்ன ஃபேன் வையுங்கள்.