பொருளோடு சேர்த்து ஆளையும் எழுதி வையுங்கள்

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், நான் இருந்த அருங்காட்சியகத்தின் கிடங்கில் ஒரு தகரப் பெட்டியைத் திறந்தேன். ஒரு ராணுவத் தண்ணீர்க் குப்பி, இரண்டு பதக்கங்கள், மடித்து வைத்த ஒரு கம்பளிச் சட்டை. பதிவேட்டில் அதற்கு நேரே ஒரே வரிதான்: "பழைய பொருட்கள், பெட்டி 1". கொடுத்தவரும் வாங்கி வைத்தவரும் காலமாகிவிட்டார்கள். அந்தச் சட்டையைப் போட்டவர் யார் என்று இனி எவராலும் சொல்ல முடியாது. இன்றுவரை எனக்கு அது உறுத்துகிறது.

அதனால்தான் உக்ரைனில் என் துறைக்காரர்கள் செய்துவரும் வேலையை விடாமல் கவனிக்கிறேன். 2022 மார்ச் இறுதியில் தலைநகர் கீவைச் சுற்றியிருந்த ஊர்களிலிருந்து ரஷ்யப் படை பின்வாங்கியது. கீவிலுள்ள போர் அருங்காட்சியகத்தின் ஊழியர்கள் உடனே அந்த ஊர்களுக்குப் போய்ப் பொருட்களைச் சேகரித்தார்கள். மே 8 அன்று கண்காட்சியே திறந்துவிட்டார்கள். அந்த ஊர்களில் ஒன்றான ஹோஸ்டோமெலில் மக்கள் பதுங்கியிருந்த நிலவறையும் அங்கே மறுபடி அமைக்கப்பட்டது. போர் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று காத்திருந்தால் என்ன ஆகும்? இடிபாட்டை லாரி அள்ளிக்கொண்டு போய்விடும், பார்த்தவர்கள் வேறு ஊருக்குப் போய்விடுவார்கள்.

கீவுக்கு அருகே உள்ள போரோதியன்காவில் குண்டு விழுந்த ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில், எஞ்சிய சுவரில் ஒரு சமையலறை அலமாரி அப்படியே தொங்கியது. அதன் மேல் ஒரு பீங்கான் சேவல். படம் உலகமெங்கும் பரவியது. அந்த அலமாரியை இறக்கி, கீவில் 2013-14 மக்கள் எழுச்சியின் நினைவுக்கான மைதான் அருங்காட்சியகத்தில் சேர்த்தார்கள். இப்படி வரும் பொருளைப் பார்த்ததும் துடைக்கத்தான் கை போகும். துடைக்கவே கூடாது. அந்தப் புகையும் தூசியும்தான் நடந்ததற்குச் சாட்சி.

என்னை மிகவும் கலங்க வைத்தது ஒரு நாட்குறிப்பு. கிழக்கு உக்ரைனில் இசியூம் நகருக்கு அருகே கபிடோலிவ்கா கிராமத்தில் வாழ்ந்தவர் எழுத்தாளர் வொலோதிமிர் வகுலென்கோ. ஊர் ரஷ்யப் பிடியில் இருந்தபோது எழுதிய தாள்களை வீட்டுத் தோட்டத்துச் செர்ரி மரத்தடியில் புதைத்து, அப்பாவிடம் சொல்லி வைத்தார். 2022 மார்ச்சில் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள், கொல்லப்பட்டார். செப்டம்பரில் ஊர் மீண்ட பிறகு, எழுத்தாளர் விக்டோரியா அமெலினா அந்த அப்பாவோடு சேர்ந்து தோண்டி அதை எடுத்தார். கார்கிவ் இலக்கிய அருங்காட்சியகத்தில் ஒப்படைத்தார். எழுதியவர் யார், புதைத்த மரம் எது, எடுத்தவர் யார் என்று எல்லாம் தெரியும். மறு வருடம் கிராமடோர்ஸ்க் ஏவுகணைத் தாக்குதலில் காயமடைந்து அமெலினாவும் இறந்துபோனார். அவர் அப்போதே எடுத்து ஒப்படைக்காமல் இருந்திருந்தால் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

பதிவேடு வெறும் அலுவலகக் காகிதம் என்று நினைப்பவர்கள் தெற்கு உக்ரைனின் கெர்சோன் நகரத்தைப் பார்க்க வேண்டும். 2022 இலையுதிர்காலத்தில், ரஷ்யப் படை வெளியேறுவதற்குச் சற்று முன், அந்த நகரத்தின் கலை அருங்காட்சியகத்திலிருந்து ஆயிரக்கணக்கான படைப்புகள் லாரிகளில் ஏற்றப்பட்டு, ரஷ்யப் பிடியில் உள்ள கிரீமியாவின் சிம்ஃபெரோபோலுக்குப் போயின. அங்கிருந்து வெளிவரும் படங்களையும் காணொளிகளையும் வைத்து, ஊழியர்கள் இன்னின்ன ஓவியம் எங்களுடையது என்று ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு அறிவித்து வருகிறார்கள். முறையான பதிவு இல்லாத இடத்தில் இப்படி உரிமை கோரவே முடியாது.

மனிதர்களின் கதையைப் பதிவது இதைவிடக் கடினம். பொஸ்னியாவின் தலைநகர் சரயேவோவில் 2017-இல் திறக்கப்பட்ட போர்க்காலக் குழந்தைப்பருவ அருங்காட்சியகம் உக்ரைனிலும் சேகரிக்கிறது. ஒரு பொம்மை வந்தால், அதற்குரிய பிள்ளையின் சொந்த நினைவும் கூடவே வரும். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல முறை இல்லை. ஆனால் அடிபட்டவரிடம் துருவித் துருவிக் கேட்கக் கூடாது. அவர் நிறுத்தினால் நாமும் நிறுத்த வேண்டும். உறவினர் இன்னும் ஆக்கிரமிப்புப் பகுதியில் இருந்தால், பெயரை வெளியிடுவது அவர்கள் உயிருக்கே ஆபத்து. அப்படிப்பட்டவர் பேச்சின் பதிவை வெளியிடாமல் பூட்டி வைக்க வேண்டும். கொடுத்தவர் பின்னால் மனம் மாறித் திரும்பக் கேட்டால், முகம் சுளிக்காமல் கொடுத்துவிட வேண்டும்.

இப்போது எங்கள் கிடங்கில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். பொருளைக் கொடுக்க வந்தவர் விடைபெறுவதற்கு முன், அவர் சொன்னதை எழுதி, அவருக்கே வாசித்துக் காட்டி, திருத்தி வாங்கிக்கொள்கிறோம். அந்தத் தகரப் பெட்டி இன்னும் அதே கிடங்கில்தான் இருக்கிறது.