பிரஷர் வாஷரில் ஸ்க்ரூவைத் திருகும் முன்

"அண்ணா, மெஷின்ல பிரஷர் பத்தல. பம்ப்ல இருக்கிற ஸ்க்ரூவைக் கொஞ்சம் டைட் வெச்சுக்கலாமா?" பிரஷர் வாஷர் சர்வீஸ் செய்யும் எனக்கு அதிகம் வரும் போன் இதுதான். வேண்டவே வேண்டாம் என்றுதான் எல்லோருக்கும் சொல்கிறேன். நல்லா ஓடிக்கொண்டிருந்த மெஷினில் திடீரென்று அழுத்தம் குறைந்தால், கோளாறு பெரும்பாலும் அந்த ஸ்க்ரூவில் இருக்காது. தண்ணீர் உள்ளே வரும் வழியிலோ வெளியேறும் நாசிலிலோதான் இருக்கும்.

கையில் பிடித்திருப்பது என்ன என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கார் டயருக்கு 30, 35 பிஎஸ்ஐ காற்று அடிக்கிறோம். வீட்டு மெஷின் சாதாரணமாகவே 100 பார், அதாவது சுமார் 1,450 பிஎஸ்ஐ. அந்த அழுத்தத்தில் நாசிலை விட்டுக் கிளம்பும் தண்ணீரின் வேகம் கணக்குப்படி மணிக்கு 500 கிலோமீட்டர். தோலைத் துளைக்க 100 பிஎஸ்ஐ அளவே போதும்.

அழுத்தம் குறைந்தால் குழாயிலிருந்து ஆரம்பியுங்கள். மொட்டை மாடி டேங்க் 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் கீழே 1 பார் கிடைக்கும். ஒரு மாடி வீட்டில் அந்த அளவு வராது. மெஷினை இணைக்கும் அதே ஹோஸின் முனையில் 10 லிட்டர் பக்கெட்டை வைத்து ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள். நிறையவில்லை என்றால் மெஷினைக் குறை சொல்லாதீர்கள், தண்ணீர்தான் போதவில்லை. அடுத்து, மெஷினின் இன்லெட்டில் இருக்கும் சின்ன வலை ஃபில்டர். போர் தண்ணீர் வீடுகளில் அதைக் கழற்றினால் மணல் கொட்டும். தண்ணீர் சீராக வராமல் விட்டு விட்டுத் துடித்து வந்தால் ஹோஸ் கிளிப் தளர்ந்து காற்று இழுக்கிறது என்று அர்த்தம்.

பிறகு நாசில். அதன் துளை ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான். உப்பு படிந்து ஒரு பக்கம் அடைத்தால் விசிறி போல விரிய வேண்டிய தண்ணீர் கோணலாகப் பீய்ச்சும். கையில் பிடிக்கும் கன்னிலிருந்து நாசிலைக் கழற்றி, கூட வந்த மெல்லிய ஊசியால் குத்தி, பின்பக்கமிருந்து தண்ணீர் விட்டு அலசுங்கள். துளை தேய்ந்துபோயிருந்தால் எந்த ஸ்க்ரூவும் உதவாது. 1 மி.மீ. துளை 1.1 மி.மீ. ஆனாலே 100 பார் கொடுத்த பம்ப் 70 பாருக்குக் கீழே வந்துவிடும். புது நாசில் மாற்றுவதுதான் வழி.

இதையெல்லாம் பார்க்காமல் ஸ்க்ரூவைக் கடைசிவரை திருகிவிட்டு ஒருவர் மெஷினைக் கொண்டு வந்தார். பம்ப் ஹெட்டில் சீல் கிழிந்து தண்ணீர் மோட்டாருக்குள் இறங்கியிருந்தது. காற்று இழுத்த ஒரு ஹோஸ் கிளிப்புக்காக மோட்டாரே போயிற்று.

வீட்டு எலக்ட்ரிக் மெஷின்கள் பலவற்றில் பயனர் தொட வேண்டிய ரெகுலேட்டர் பம்ப்பில் கிடையவே கிடையாது. சீல் வைத்த ஸ்க்ரூ தெரிந்தால் அது கம்பெனி செட்டிங், விட்டுவிடுங்கள். அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் நாப் (திருகும் குமிழ்) வைத்த மாடல் என்றால் முறை இது: சுவிட்ச் போடும் முன் குழாயைத் திறந்து, ட்ரிகரை அழுத்திக் காற்று முழுவதையும் வெளியேற்றுங்கள். நாபைக் குறைந்த அளவில் வைத்து மெஷினை ஓட விடுங்கள். ட்ரிகரை அழுத்திப் பிடித்து, தண்ணீர் பாய்ந்துகொண்டிருக்கும்போதே அழுத்தம் காட்டும் கேஜைப் பார்த்துக் கால் சுற்று, கால் சுற்றாகக் கூட்டுங்கள். முள் ஏறாமல் நின்ற இடத்தில் நீங்களும் நின்றுவிடுங்கள். அதற்கு மேல் திருகினால், ட்ரிகரை விட்டதும் அழுத்தத்தைத் திருப்பி விடும் அன்லோடர் வால்வின் ஸ்பிரிங்தான் நசுங்கும். பிறகு ட்ரிகரை விட்டாலும் அந்த வால்வு அழுத்தத்தைத் திருப்பி விடாது, அந்தச் சுமை ஹோஸிலும் பம்ப்பிலும் விழும்.

உண்மையில் வீட்டில் முழு அழுத்தம் தேவைப்படும் வேலை குறைவு. பாசி பிடித்த சிமெண்ட் தரைக்கு வேண்டுமானால் சரி. காருக்கும் பைக்குக்கும் குறைத்துத்தான் அடிக்க வேண்டும். குறைக்கச் சுலபமான வழி நாசில்தான். நிறம் போட்ட நாசில்களில் சிவப்பு ஒற்றைக் கோடாக அடிக்கும். அதை வீட்டில் எடுக்கவே எடுக்காதீர்கள். பச்சை 25 டிகிரி, வெள்ளை 40 டிகிரி. காருக்கு வெள்ளை போதும், ஓர் அடிக்கு மேல் தள்ளி நின்று அடியுங்கள். டயரின் பக்கவாட்டில் கிட்டே வைத்து அடித்தால் ரப்பர் உள்ளுக்குள் சேதமாகும், வெளியே தெரியாமல் பின்னாளில் வெடிக்கலாம். ரேடியேட்டர் தகடுகள் மடங்கிவிடும்.

நாசில் மாற்றும்போதும் விபத்து நடக்க வாய்ப்பு உண்டு. மெஷினை ஆஃப் செய்தாலும் ஹோஸுக்குள் அழுத்தம் உட்கார்ந்திருக்கும். ஆஃப் செய்து, குழாயை மூடி, தண்ணீர் நிற்கும்வரை ட்ரிகரை அழுத்தி, லாக் போட்ட பிறகே நாசிலில் கை வையுங்கள். திருகி மாற்றும் முனையாக இருந்தாலும் ட்ரிகரை விட்டுவிட்டுத் திருகுங்கள். ட்ரிகரைக் கயிறு போட்டுக் கட்டி வைப்பதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். தயவுசெய்து இன்றே அவிழ்த்துவிடுங்கள். செருப்புக் காலோடு, ஈரத் தரையில் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸோடு வேலை செய்யாதீர்கள். எர்த் உள்ள பிளக், கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் ஆர்சிசிபி இரண்டும் கட்டாயம்.

தப்பித் தவறி விரலிலோ காலிலோ தண்ணீர் பட்டுத் துளைத்துவிட்டால், மேலே ஊசி குத்தியது போல் ஒரு புள்ளிதான் தெரியும். வலிகூட முதலில் பெரிதாக இருக்காது. உள்ளே தண்ணீரும் அழுக்கும் கிருமியும் சதைக்குள் ஏறியிருக்கும். மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "காயம்" என்று மட்டும் சொன்னால் தையல் போட்டு அனுப்பிவிட வாய்ப்பு உண்டு. பிரஷர் வாஷர் தண்ணீர் தோலுக்குள் பாய்ந்துவிட்டது என்றும், மெஷின் எத்தனை பார், எத்தனை மணிக்குப் பட்டது, சோப்பு கலந்திருந்ததா என்றும் டாக்டரிடம் சொல்லுங்கள்.