மாங்காய் பறிக்கும் பிள்ளைகளும் பூத்துப்போகாத ஊறுகாயும்

ஊறுகாய், ஜாம், வற்றல் இவற்றை வீட்டிலேயே கெடாமல் போட்டு வைப்பது எப்படி என்று கிருஷ்ணகிரிப் பக்கத்து ஊர்களில் 16 ஆண்டுகளாகப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறேன். கோடை வந்தால் எல்லா ஊரிலும் ஒரே கேள்விதான். "அக்கா, போன வருஷம் போட்ட மாங்காய் பூத்துப்போச்சு. என்ன தப்பு பண்ணினேன்?" கேட்பவர் எண்ணெயையோ மிளகாய்த்தூளையோ சந்தேகப்படுவார். நான் திருப்பிக் கேட்பது, காயை யார் பறித்தார்கள், எப்படிப் பறித்தார்கள் என்று. பல நேரம் அந்தப் பதிலிலேயே விஷயம் வெளியே வந்துவிடும். மரத்தை உலுக்கியிருப்பார்கள். காய்கள் தரையில் மோதி உள்ளுக்குள் கன்றியிருக்கும். மண்ணோடு மூட்டை கட்டிக் கொண்டுவந்து, நறுக்கிய பிறகு கழுவியிருப்பார்கள்.

ஜாடிக்குள் நடப்பதில் பாதி மரத்தடியிலேயே முடிவாகிவிடுகிறது. அந்த மரத்தடி வேலையைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள் என்று நான் விடாமல் சொல்லி வருகிறேன். பள்ளி விடுமுறையும் மாங்காயும் ஒன்றாகவே வருகின்றன. "கிட்ட வராதே, கெடுத்துடுவே" என்று விரட்டப்படும் பிள்ளை, எல்லாரும் தூங்கும் மத்தியான நேரத்தில் தனியாக மரத்துக்குப் போகும். அதுதான் ஆபத்து.

ஆபத்து என்றதும் விழுவதைத்தான் நினைப்போம். அதைவிட எனக்குப் பயம் மின்கம்பி. தோட்டத்து மரக்கிளைகளுக்கு நடுவே கம்பி போகிற வீடுகள் எத்தனையோ. இரும்பு, அலுமினியக் குழாயில் துறட்டி செய்து கொடுக்கவே கூடாது. மூங்கில்தான் வேண்டும். அந்த மூங்கிலும் நனைந்திருந்தால் மின்சாரத்தைக் கடத்தும். கம்பிக்குப் பக்கத்துக் கிளையில் எவ்வளவு நல்ல காய் இருந்தாலும் விட்டுவிடுங்கள், அது அணிலுக்கு. மரம் ஏறுவதென்றால், மழை பெய்த மறுநாள் வேண்டாம். மாமரத்தில் பழகிய பிள்ளை அதே தைரியத்தில் முருங்கையிலும் நாவலிலும் கால் வைக்கும். அவற்றின் கிளை வளையாது, படக்கென்று முறியும். இந்த வித்தியாசத்தைக் கிளையை ஒடித்துக் காட்டியே சொல்லிக் கொடுக்கலாம்.

அடுத்தது மாங்காய்ப் பால், சிலர் சொனை என்பார்கள். கோடைப் பயிற்சிகளுக்கு அம்மாவோடு வரும் பிள்ளைகளில் வாயைச் சுற்றிக் கறுத்து, தோல் உரிந்த ஒன்றிரண்டு முகங்களை வருடந்தோறும் பார்க்கிறேன். சூடு என்று நினைத்து மோர் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். அது சூடு இல்லை, பறித்த கையோடு காயைக் கடித்ததால் வந்த புண். மா, முந்திரிக் குடும்பத்தைச் சேர்ந்த மரம். முந்திரிக்கொட்டைத் தோட்டின் எண்ணெயைப் போலவே இந்தப் பாலும் தோலைப் பொசுக்கும். காம்பு ஒடிந்த அந்த நொடியில்தான் அது பீறிட்டு வரும். ஆகவே காம்புப் பக்கம் முகத்துக்கு நேராக இருக்கக் கூடாது. மேலே பார்த்துக்கொண்டு மரத்துக்கு நேர் அடியில் நிற்கவும் கூடாது. பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீரில் கழுவிவிட்டு நேராக மருத்துவரிடம் போங்கள்.

இதற்கு எளிய வழி, காயைக் காம்போடு பறிப்பது. ஒரு விரற்கடை நீளம் காம்பு இருந்தால் பால் வெளியே வராது. வீட்டுக்கு வந்ததும் காம்பை நறுக்கி, சாக்கின் மேல் காயைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் பால் முழுவதும் வடிந்துவிடும். தோலில் பால் வழிந்து கறுத்த இடத்தில்தான் அழுகல் சீக்கிரம் பிடிக்கிறது. பிள்ளையின் முகத்துக்கும் ஊறுகாய்க்கும் இந்த ஒரே பழக்கம் உதவுகிறது.

வலை கட்டிய துறட்டி இருந்தால் காய் கீழே விழவே விழாது. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை பெரியவர் பக்கத்தில் நின்றால் அதைக் கையாளும். சின்னதுகளுக்கு வலையிலிருந்து காயை எடுத்துக் கூடையில் அடுக்குகிற வேலை. போடக் கூடாது, வைக்க வேண்டும். முட்டையை வைப்பது போல என்று சொன்னால் நாலு வயதுப் பிள்ளைக்கும் புரிகிறது. முசுறு எறும்புக் கூடு இருக்கும் கிளையையும் கம்பளிப்பூச்சி அப்பிய அடிமரத்தையும் முதலிலேயே காட்டிவிடுங்கள். அடுத்தவர் தோப்பு என்றால் மருந்து அடித்து எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்காமல் கூடையை இறக்க வேண்டாம்.

இந்த இடத்தில் ஒரு பழைய நம்பிக்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். "அணில் கடிச்ச பழம்தான் தித்திக்கும்" என்று நாம் எல்லாரும் கேட்டு வளர்ந்தவர்கள்தான். அணில் நன்றாகக் கனிந்ததைத் தேடிக் கடிக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் கடித்தது அணிலா வௌவாலா என்று பல் தடத்தைப் பார்த்து நம்மால் சொல்ல முடியாது. 2018 மே மாதம் கோழிக்கோட்டிலும் மலப்புரத்திலும் நிபா வந்து உயிர்கள் போனதைப் பார்த்தோம். பழந்தின்னி வௌவால்களில் இருக்கும் வைரஸ் அது. எதுவும் கடித்த பழம் வாய்க்கும் போகக் கூடாது, ஜாடிக்கும் போகக் கூடாது. கடித்த பக்கத்தை மட்டும் வெட்டிவிட்டு மீதியைப் போடுவதும் வேண்டாம்.

வீட்டுக்கு வந்த பிறகு பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த வேலை ஒன்று உண்டு. பெரிய அண்டாவில் தண்ணீர் நிரப்பிக் காய்களை ஒவ்வொன்றாக விடச் சொல்லுங்கள். முற்றிய காய் மூழ்கும், இளசு மிதக்கும். மூழ்கியதைத் துடைத்து வைக்கோலிலோ அரிசிப் பானையிலோ வைத்தால் தானாகப் பழுக்கும். கார்பைட் கல் தேவையே இல்லை, அது தடை செய்யப்பட்டதும்கூட. மிதந்தவை தொக்குக்கும் வற்றலுக்கும் போகட்டும். காயைக் கழுவுகிற வேலையும் இதோடு முடிந்துவிடுகிறது. இதற்குப் பிறகு ஊறுகாய்க்கு எடுக்கும் காயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படக் கூடாது. பருத்தித் துணியால் துடைத்து, மின்விசிறிக்குக் கீழே பரப்பி, தொட்டால் கைக்கு ஈரம் தெரியாத பிறகுதான் அரிவாள்மனை. அவை உலர்கிற நேரத்தில் பிள்ளை துடைத்த காய்களை இன்னொரு முறை விரலால் அழுத்திப் பார்க்கட்டும். அடிபட்ட இடம் மெத்தென்று இருப்பதை நம் விரலைவிட அந்தச் சின்ன விரல் சீக்கிரம் கண்டுபிடித்துவிடும்.

சரி, ஊறுகாய். இங்கே இப்போது நடக்கிற பெரிய தவறு, உப்பைக் குறைப்பது. ரத்த அழுத்தத்துக்குப் பயந்து பாதி உப்புப் போட்டேன் என்பவர்களின் ஜாடிதான் முதலில் பூக்கிறது. நறுக்கிய மாங்காய் 1 கிலோவுக்குக் கல்லுப்பு 150 முதல் 200 கிராம் வேண்டும். உப்பு அங்கே ருசிக்காகப் போடுவதில்லை. காயிலும் கிருமியிலும் இருக்கும் தண்ணீரை இழுத்து வெளியே விடுகிறது, அதனால்தான் ஊறுகாய் கெடுவதில்லை. பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு மொத்தமாக 5 கிராமுக்குக் குறைவாகத்தான் உப்பு இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதனால் தட்டில் வைக்கிற ஊறுகாயைக் குறையுங்கள், பிள்ளைகளுக்கு இன்னும் குறையுங்கள். ஜாடியில் போடுகிற உப்பைக் குறைக்காதீர்கள்.

நம் பாட்டிமார்கள் துணியால் வேடு கட்டிக் கத்திரி வெயிலில் ஜாடியை வைத்ததும், நல்லெண்ணெயைக் காய்ச்சி ஆறவிட்டுக் காய்க்கு மேல் ஒரு விரல் உயரம் நிற்கும்படி ஊற்றியதும் காரணத்தோடுதான். வெயில் ஈரத்தை எடுக்கிறது, எண்ணெய் காற்றை அடைக்கிறது. பூஞ்சைக்குக் காற்று வேண்டும். மேலே பூத்ததை மட்டும் வழித்துப் போட்டுவிட்டுச் சாப்பிடலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். பூஞ்சையின் வேரும் அது விடும் நஞ்சும் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இறங்கியிருக்கும். முழு ஜாடியையும் கொட்ட வேண்டும். வருத்தமாகத்தான் இருக்கும், அந்த உழைப்பு எனக்கும் தெரியும். ஜாடி பீங்கானாகவோ கண்ணாடியாகவோ இருக்கட்டும். அலுமினியமும் ஈயம் பூசாத பித்தளையும் புளிப்போடு சேரக் கூடாது.

பழம் வேறு கதை. காயின் புளிப்பே பாதிக் காவல், பழுக்கப் பழுக்க அந்தப் புளிப்புப் போய்விடுகிறது. போன வருஷம் ஒருவர் மாம்பழக் கூழை நன்றாகக் கொதிக்கவைத்து, பாட்டிலில் அடைத்து, அலமாரியில் வைத்திருக்கிறார். நாலாம் நாள் மூடி தெறித்துவிட்டது. மூடி தெறித்தது நல்லதாயிற்று, கெட்டது தெரிந்துவிட்டது. அமிலத்தைக் காட்டும் பிஎச் அளவு 4.6-க்கு மேலே போனால், அதாவது புளிப்புக் குறைந்தால், காற்றில்லாத பாட்டிலுக்குள் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமி வளர்ந்து நரம்பைத் தாக்கும் நஞ்சை விட முடியும். வாசனையிலோ நிறத்திலோ அது தெரியாமலும் இருக்கலாம். சாதாரணக் கொதி அதன் வித்துக்களைக் கொல்லாது. நன்றாகப் பழுத்த இனிப்பு மாம்பழம் அந்த 4.6-ஐத் தாண்டக் கூடியது. கூழாக வேண்டுமென்றால் பெட்டி பெட்டியாக ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். வெளியே வைப்பதென்றால் ஜாமாகக் காய்ச்சுங்கள், எலுமிச்சைச் சாறோ சிட்ரிக் அமிலமோ கட்டாயம் சேருங்கள். பச்சைப் பூண்டையும் காளானையும் வெறும் எண்ணெயில் ஊறப்போட்டு வெளியே வைக்கச் சொல்லும் காணொளிகளைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது, காரணம் இதே கிருமிதான். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குத் தேனும் தேன் நெல்லியும் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

ஜாம் பதத்துக்கு வெப்பமானி இல்லையென்றால் தராசு போதும். 1 கிலோ சர்க்கரை போட்டிருந்தால் காய்ச்சி முடித்த ஜாம் ஒன்றரைக் கிலோ நிற்க வேண்டும். அதற்கு மேல் நின்றால் தண்ணீர் மிச்சம் இருக்கிறது என்று பொருள், இன்னும் காய்ச்சுங்கள். கணக்குப் பார்க்கும் வேலையைப் பிள்ளையிடம் விடலாம். அடுப்புக்குப் பக்கத்தில் மட்டும் விட வேண்டாம். பதத்துக்கு வந்த ஜாம் 105 டிகிரி செல்சியஸ், கொதிநீரைவிடச் சூடு. தெறித்தால் தோலில் ஒட்டிக்கொள்ளும். பட்டுவிட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, மாவு, மை எதுவும் தடவ வேண்டாம்.

பழச்சாற்று ஸ்குவாஷ் போடுபவர்கள், அது கெடாமல் இருக்கச் சேர்க்கும் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட்டைக் கண்ணளவில் போடாதீர்கள். 1 கிலோ ஸ்குவாஷுக்கு 0.6 கிராம்தான், சின்னத் தராசில் நிறுத்தே போட வேண்டும். ஆஸ்துமா உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் அது வேண்டவே வேண்டாம். மூச்சிரைப்பைத் தூண்டிவிடும்.

கடைசியாக ஜாடியில் ஒட்டும் சீட்டு. அதைப் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். தேதி மட்டும் போதாது, எந்தக் காய் என்பதும் வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் பயிற்சிக்கு வந்த ஓர் அம்மாவின் மகள், மூன்றாம் வகுப்பு, மூன்று ஜாடிகளுக்கும் அவளே சீட்டு எழுதினாள். "கிணத்து மரம், வலை." "வாசல் மரம், வலை." "கிணத்து மரம், காத்துல விழுந்தது." உப்பும் எண்ணெயும் மூன்றுக்கும் ஒரே அளவு. ஆவணியில் திறந்து பார்த்தபோது மூன்றாவது ஜாடி மட்டும் பூத்திருந்தது. அடுத்த கோடையில், காற்றில் விழுந்த காய்களை அந்தப் பெண்ணே தனியாகப் பொறுக்கி, "இது இன்னிக்கே தொக்கு" என்று அம்மாவிடம் கொடுத்திருக்கிறாள்.